கல் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு வாளி எடுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. காங்கயம் பக்கம் தோட்டம். தென்னையோடு சேர்த்து மூன்று வருடமாக சிமென்ட் தொட்டியில் மோலி, கப்பி மீன்கள் வளர்த்து விற்கிறேன். ஏஞ்சல் மீனும் பார்க்கலாம் என்று போன மாதம் நான்கடி கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கடையில் அலங்காரக் கல்லை கிலோ கணக்கில் விலை சொன்னதால், தாராபுரத்தில் அமராவதி ஆற்றில் பொறுக்கிய வெள்ளைக் கற்களையும், எங்கள் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியில் கிடந்த முறுக்கின காய்ந்த கட்டையையும் கழுவி வைத்தேன். மறுநாளே கோவையில் வாங்கிய 12 ஏஞ்சல்களை விட்டேன். நாலாம் நாளிலிருந்து மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து, பத்து நாளில் 9 செத்துவிட்டன. அதே கல்லைப் பழைய மோலித் தொட்டியிலும் போட்டேன், அங்கே ஒன்றும் ஆகவில்லை. போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1200. கல்லில் சாயத் தண்ணீர் ஊறியிருக்குமோ? கடைக்காரர் பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) குறைக்கும் பாட்டில் கொடுத்தார். ஊற்றலாமா?

பதில்: வணக்கமுங்க. பாட்டிலை ஊற்றாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

சாயத்தைப் பற்றிய பயம் புரிகிறது. 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கினதையும், 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்கள் நாம். ஆனால் அது நொய்யல். நொய்யல் கரைக் கல்லை நானும் தொட்டியில் போட மாட்டேன். நீங்கள் பொறுக்கியது அமராவதியில். அதே கல் கிடக்கிற தொட்டியில் மோலி நன்றாக இருக்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கல் மேல் இருக்கிற சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

வெள்ளைக் கல் எல்லாம் ஒன்றல்ல என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வெங்கச்சாங்கல்லை (குவார்ட்ஸ்) கத்தியால் கீறினால் கோடு விழாது, தண்ணீரில் கரையவும் கரையாது. சுக்கான்கல் என்பது சுண்ணாம்புக்கல், மாவு மாவாக உதிரும், ஒரு சொட்டு ஆசிட் விட்டால் நுரைக்கும். மழைத் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ சுக்கான்கல் கரைந்து பி.எச்.ஐ ஏற்றிவிடும். உங்கள் 1200 தண்ணீரில் சுண்ணாம்பு பெரும்பாலும் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கும், அதில் கல் புதிதாக என்ன கரையப் போகிறது?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. தண்ணீர் நிரப்பி எத்தனை நாள் கழித்து மீன் விட வேண்டும்? புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா இருக்காது. அது ஊறிப் பெருக நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம் ஆகும். உங்கள் மோலித் தொட்டியில் அது வருடக்கணக்காக ஊறியிருக்கிறது. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நம் போர் தண்ணீரில் பி.எச். பெரும்பாலும் மேலேதான் இருக்கும். முதல் நாளே சாகாமல் நாலாம் நாள் மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்ததும் இதற்குப் பொருந்துகிறது. போதாததற்கு, கோவைக் கடையில் அவை சிறுவாணித் தண்ணீரில் இருந்திருந்தால் அது ஏறக்குறைய உப்பே இல்லாத தண்ணீர். அங்கிருந்து நேராக 1200-ல் விட்டிருப்பீர்கள்.

இப்போது கட்டை. நீங்கள் வைத்த இரண்டில் எனக்குச் சந்தேகம் இதன் மேல்தான். கொறங்காட்டு வேலி என்றால் கிளுவை, நடுநடுவே திருகுகள்ளி. கிளுவையில் பிசின். கள்ளிப் பாலோ மீனை மயக்கிப் பிடிக்கிற சரக்கு. எந்த மரம் என்று தெரியாத கட்டையைத் தொட்டியில் வைக்கலாமா? வேப்பங்கட்டையும் வேண்டாம். பட்டை உரித்த, உள்வரைக்கும் காய்ந்த கொய்யாக் கிளையோ புளிய வேரோ போதும். மேலே காய்ந்து உள்ளே பச்சை இருந்த ஒரு கட்டையால் நானே ஒரு தொட்டியை ஒரு வாரத்தில் நாறவிட்டவன். தென்னைக்கோ காய்கறிக்கோ பூச்சிமருந்து அடிக்கிற வரப்பில் கிடக்கிற எதையும் எடுக்காதீர்கள். பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே எமன். காட்டிலிருந்து எடுக்கலாமே என்பீர்கள். காப்புக்காட்டில் கல்லோ கட்டையோ அனுமதியில்லாமல் எடுப்பது வனச்சட்டப்படி குற்றம்.

இதற்கெல்லாம் நான் சொல்லிச் சொல்லி அலுத்தது ஒரு வாளி. என்னிடம் வருகிற யாரும் வாளி இல்லாமல் தப்ப முடியாது. மூன்று வாளி எடுங்கள். மூன்றிலும் மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரில் வைத்தால் கல்லின் குணம் மறைந்துவிடும். ஒன்றில் தண்ணீர் மட்டும், ஒன்றில் கல், ஒன்றில் கட்டை. கட்டையை முதலில் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், உள்ளே ஈரமிருந்தால் வெடிக்கும். வாராவாரம் டிடிஎஸ், பி.எச். எழுதுங்கள். கல் வாளியில் எண் ஏறினால் அது சுண்ணாம்புத் தண்ணீரைத் தாங்குகிற மோலிக்கு. ஏறாவிட்டால் ஏஞ்சலுக்கும் ஆகும். கட்டை வாளியில் தண்ணீர் டீ மாதிரி ஆகும், வெள்ளையாக வழுவழுப்பு படியும், இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். புளித்த வாடையோ எண்ணெய்ப் படலமோ வந்தால் தூக்கிப் போடுங்கள். மூன்று வாரம் தாண்டிய கட்டை வாளியில், போர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, விலைபோகாத நாலு கப்பியை விட்டு ஒரு வாரம் பாருங்கள்.

சரி, அந்த பாட்டில். உங்கள் தண்ணீரில் இருக்கிற கார்பனேட்டோடு அமிலம் சண்டை போட்டு, சாயங்காலம் பி.எச். இறங்கும், காலையில் மறுபடி ஏறும். மீன் அந்த ஊஞ்சலில் ஆடியே சாகும். மறு வாரம் நீங்கள் இன்னொரு பாட்டில் வாங்குவீர்கள். விற்கிறவருக்கு இதைவிட நல்ல மீன் உண்டா? முதல் நாளே 12 ஏஞ்சலைக் கட்டிக் கொடுக்கும்போது, தொட்டி நிரப்பி எத்தனை நாளாச்சு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் காசுக்கு அம்மோனியா பார்க்கிற சொட்டு மருந்துக் கிட் வாங்குங்கள்.

மிச்சமிருக்கிற மூன்றுக்கு: கட்டையை இன்றே எடுங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், உப்பு சேர்ந்த போர் தண்ணீர்தான் என்றாலும். மோலித் தொட்டி ஃபில்டரின் பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, கழுவாமல், புதுத் தொட்டி ஃபில்டரில் செருகுங்கள். தீனி இரண்டு நாளைக்கு ஒரு முறை, சிட்டிகைதான். ஐப்பசி மழைக்குத் தகரக் கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு டிரம் தயாராக வையுங்கள், முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். வாளிக் கணக்கை மூன்று வாரம் கழித்து எழுதி அனுப்புங்கள், புது ஏஞ்சல் எப்போது வாங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.