ரீயூனியன் எரிமலைத் தீவை வேனிலேயே தங்கிச் சுற்றலாமா?

கேள்வி: நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், எழுபது வயது அப்பா. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நம்மைப் போலவே தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். டிசம்பரில் எட்டு நாள் போகலாம் என்று இருக்கிறோம். தீவைச் சுற்றி வர 200 கிலோமீட்டர்தானாம். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள பெரிய வேன் எடுத்தால் ஹோட்டல் செலவு மிச்சமாகுமே, சரிவருமா?

பதில்: வேன் சரிவரும். டிசம்பரும் பெரிய வண்டியும்தான் சரிவராது.

முதலில் மாதத்தைப் பார்ப்போம். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் யாரும் வெளியே நடமாடக் கூடாது. வேனையே வீடாக வைத்திருப்பவர் அப்போது எங்கே ஒதுங்குவார்? 1966 ஜனவரியில் அந்தத் தீவின் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலக சாதனை அது. நம் தைப்பிங்கில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் கிட்டத்தட்ட பாதி. உச்சியில் கொட்டினால், கீழே காய்ந்து கிடக்கும் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் இறங்கும். ஓடையை ரோடு தாழ்வாகக் கடக்கிற இடத்தில் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதான் என்றாலும் வண்டியை இறக்காதீர்கள். எந்த மாதமானாலும் ஓடைப் படுகையில் வேனை நிறுத்தித் தூங்க வேண்டாம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் வரும் பள்ளி விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது மழை குறைந்த பருவம்.

அடுத்து தூரம். 200 கிலோமீட்டர் என்பது கடலோரச் சுற்று மட்டும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போவது போலத் தோன்றும். ஆனால் நீங்கள் பார்க்கப் போவது நடுவில், உயரத்தில் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் நிற்கும் பிதோன் தெ நேஜ் உறங்கிவிட்ட பழைய எரிமலை. அதைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாசி என்று மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். மஃபாத்துக்குள் ரோடே கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். சிலாவோஸ் ரோட்டில் நானூறுக்கு மேல் வளைவுகள் என்பார்கள். தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறிப் பழகியவருக்கும் அது கடினம். சில குகைப்பாதைகளில் ஒரு சமயம் ஒரு வண்டிதான் நுழைய முடியும். அதனால் சாதாரண வேன் அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். சலாசி ரோடு அதைவிட எளிது. அருவிகளும் வழியிலேயே வரும், அப்பாவுக்கு அது போதும்.

இனி தூங்கும் விஷயம். வாடகைக்கு எடுக்கும்போது எத்தனை படுக்கை என்பதோடு எத்தனை சீட் பெல்ட் என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. கூரைக் கூடாரம் உள்ள வண்டி மகனுக்குப் பிடிக்கும். ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கும் பெரியவர் அந்த ஏணியில் ஏறி இறங்க முடியாது. என்னைக் கேட்டால் எட்டு இரவையும் வேனில் கழிக்க வேண்டாம். மூன்று, நான்கு இரவு போதும். மலை ஊர்களில் கிராமத்து வீடுகள் அறையும் ராத்திரிச் சாப்பாடும் சேர்த்துத் தருகின்றன. அப்பாவின் முதுகுக்கு அதுதான் நல்லது.

ஹோட்டல் செலவு மிச்சம் என்று நீங்கள் போட்ட கணக்கில் இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி, நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி உள்ளே தூங்குவது வேறு. வெளியே நாற்காலி, மேசை போட்டுப் பந்தல் விரித்தால் அது முகாம். கடற்கரையோரத்தில் முகாம் போடத் தடை இருக்கிறது. அறிவிப்புப் பலகை பார்க்காமல் எங்கும் நிறுத்தாதீர்கள். மகனைக் கடலில் இறக்குவதற்கும் விதி உண்டு. சுறா தாக்குதல்களுக்குப் பிறகு, 2013 முதல் பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமற்ற நீரிலும் காவல் உள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்கலாம். மேற்குக் கரையில் எர்மிட்டாஜ் பக்கம் அப்படிப்பட்ட இடம்.

எரிமலைக்கு வருவோம். பிதோன் தெ லா ஃபூர்னேஸ் உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. பெரும்பாலும் ஆளில்லாத பள்ளத்துக்குள்ளேயே குழம்பு ஓடிவிடுவதால் பயப்பட வேண்டாம். வெடித்தால் உள்ளே இறங்கும் வாசலை மூடிவிடுவார்கள். முந்தின இரவு பூர்க் முரா என்ற மலை ஊரில் தங்குங்கள். விடியும் முன்பே கிளம்பி எரிமலைப் பள்ளத்தின் விளிம்பான பா தெ பெல்கோம்புக்கு வந்துவிடுங்கள். பத்து மணிக்குள் மேகம் மூடிவிடுவது வழக்கம். அங்கே உயரம் 2,300 மீட்டருக்கு மேல். ஜூன் காலையில் கேமரனை விடக் குளிரும். கனத்த உடுப்பு அவசியம். குளிருக்காக வேனுக்குள் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கிவிடாதீர்கள், நச்சு வாயுவில் உயிரே போகும். நீங்களும் மகனும் படியிறங்கி நடக்கலாம். அப்பா விளிம்பில் நின்றே பார்த்துவிடலாம்.

அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டிய இடம் கிழக்குக் கரை. செயின்ட் ரோஸ் பக்கம் 1977இல் இறங்கிய எரிமலைக் குழம்பு ஒரு தேவாலயத்தின் வாசலுக்கு வந்து இரு புறமும் பிரிந்து ஓடியது. அங்கிருந்து தெற்கே போனால், 2007இல் குழம்பு ரோட்டை அறுத்துக்கொண்டு கடலில் இறங்கிய இடம். கறுப்புப் பாறை மேலேயே ரோடு போட்டிருக்கிறார்கள். நடக்கவே வேண்டாம், வண்டியிலிருந்தே தெரியும்.

உங்கள் லைசென்ஸ் டிஏ வகையா என்று பாருங்கள். அப்படியானால் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டிதான் ஓட்டலாம். அங்கே கியர் வண்டி அதிகம் என்பதால் முன்கூட்டியே புக் செய்யுங்கள். ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்து, அசல் லைசென்ஸ் அட்டையோடு வையுங்கள். முன்பணத்துக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், முதல் நாள் மலை ஏறாதீர்கள்.

ரைஸ் குக்கரை விட்டுவிடுங்கள், வேன் பேட்டரி அதைத் தாங்காது. இறைச்சி, பால் பொருள், பழம், பச்சைக் கறிவேப்பிலை எதுவும் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் அங்கேயே கிடைக்கும். செயின்ட் பால் சந்தை வெள்ளியும் சனிக்கிழமை காலையும் கூடுகிறது.

1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வந்தார்கள். அவர்கள் எழுப்பிய கோயில்கள் செயின்ட் ஆந்த்ரேயில் இருக்கின்றன, தீமிதியும் நடக்கிறது. இன்று வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, அதனால் அப்பா தமிழில் பேச்சுக் கொடுத்துப் பதில் வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம். ஒரு நாள் முழுவதையும் அந்த ஊருக்கு ஒதுக்குங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் ஒன்று: ரீயூனியன் பிரான்சின் பகுதிதான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம் என்கிற ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரிஸ் போன நண்பர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், கோலாலம்பூரில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் இந்தத் தீவுக்கென்றே நுழைவு விதியைக் கேளுங்கள். மொரிசியஸ் வழியாகப் போவதானால் அந்த நாட்டு விதியையும் சேர்த்துக் கேளுங்கள்.