எலன் வில்கின்சன் ஜாரோ ஊர்வலம் தவிர வேறு என்ன செய்தார்?

நிறையச் செய்தார். பிரிட்டிஷ் தொழிற்கட்சி அரசியல்வாதியான இவர், 1891-ல் மான்செஸ்டரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1924 தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் ஜெயித்த ஒரே பெண் இவர்தான். ஐந்தடிக்கும் குறைந்த உயரம், செம்பட்டை முடி, அதற்கேற்ற இடதுசாரிப் பேச்சு. 'சிவப்பு எலன்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. 1931-ல் தோற்று, 1935-ல் வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ தொகுதியில் மீண்டு வந்தார். அங்கே கப்பல் கட்டும் தளத்தை மூடியதில் ஊரே வேலையின்றிக் கிடந்தது. 1936 அக்டோபரில் அங்கிருந்து 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தார்கள், இவரும் இடையிடையே சேர்ந்து நடந்தார். பிரதமர் பால்ட்வின் சந்திக்கவே மறுத்துவிட்டார்.

ஆனால் என்னைக் கேட்டால், பலரும் மறந்துபோன 1938-ன் தவணைக் கொள்முதல் சட்டம்தான் இவருடைய பெரிய வேலை. அதுவரை பாக்கி கொஞ்சம் இருந்தாலும், ஒரு தவணை தவறினால் கடைக்காரர் வீட்டுக்குள் வந்து மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகலாம், கட்டிய பணமும் போச்சு. மூன்றில் ஒரு பங்கு கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொருளைத் தொடக்கூடாது என்று இவர் தனிநபர் மசோதா (அரசு அல்லாமல் ஒரு உறுப்பினரே கொண்டுவரும் மசோதா) மூலமாகவே சட்டமாக்கினார். எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு இதைச் சாதிப்பது லேசான காரியமில்லை.

அப்புறம், 1932-ல் கிருஷ்ண மேனன் இருந்த, இந்திய விடுதலைக்காக பிரிட்டனில் இயங்கிய இந்தியா லீக் அமைப்பின் குழுவோடு இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறார். 1945-ல் கல்வி அமைச்சரானார், 1947-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.