மின்விசிறியை நிறுத்துவது யார்?

கேள்வி: "கட்டணத்தை உயர்த்தினால்தான் சனங்கள் மின்சாரத்தை அளந்து பாவிப்பார்கள்" என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து?
– வாசகர், உப்புவெளி

பதில்: உங்கள் நண்பர் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு இருக்கிறதா? இருக்கும் என்றே நினைக்கிறேன். இப்படிப் பேசுபவர்கள் அநேகமாக அந்தக் கூரைக்குக் கீழே இருந்துதான் பேசுகிறார்கள்.

இலங்கையில் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் என்று கட்டணம் ஏறியது. பாவனை குறைந்தது உண்மைதான். ஆனால் அதே காலத்தில்தான் தொழில் படுத்தது, சம்பளத்தின் பெறுமதி கரைந்தது. குறைந்ததில் விலையின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு என்று அவர் பிரித்துச் சொல்வாரா?

கடையில் அரிசி விலையைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறோம். மின்சாரத்தை எரித்து முடித்த பிறகுதான் கட்டணப் பட்டியல் வருகிறது. கலிபோர்னிய வீடுகளின் கணக்கை ஆராய்ந்து பொருளியலாளர் கொய்ச்சிரோ இட்டோ 2014இல் வெளியிட்ட கட்டுரையும், பாவனையாளர் கடைசியாக எரித்த அலகின் விலையைப் பார்ப்பதில்லை, சராசரி விலையையே பார்க்கிறார்கள் என்கிறது.

இங்கே ஒரு கோடு மட்டும் ஏழை வீடுகளுக்கு மனப்பாடம்: மாதம் 60 அலகு. அதைத் தாண்டினால் முதல் 60 அலகுக்கும் வேறு விலை. நிலையான கட்டணமும் கூடும். 60 வாற்று மின்விசிறி ஒன்று இரவில் எட்டு மணி நேரம் சுழன்றால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 14 அலகு. கோட்டின் கால்வாசி அதற்கே போய்விடும். எனவே கச்சான் காற்று அனலாய் அடிக்கும் ஆடியில், பிள்ளைகளை முற்றத்தில் பாய் போட்டுப் படுக்க வைக்கிறார்கள். இதைத்தான் நண்பர் 'அளந்து பாவிப்பது' என்கிறார்.

வசதி உள்ளவர் வேறு விதமாக அளக்கிறார். பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்றுகிறார், கூரையில் தகடு பதிக்கிறார், மிஞ்சிய மின்சாரத்தை மின்சாரம் தருபவர்களுக்கே விற்கிறார். தப்பில்லை, நல்ல காரியம்தான். ஆனால் அதற்குக் கையில் மூலதனம் வேண்டும். கட்டணத்தை ஏற்றி அந்த மூலதனத்தை யாருக்கும் கொடுத்துவிட முடியாது.

நண்பரிடம் அவருடைய ஜூலை மாதப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை அலகு என்று எனக்கும் எழுதுங்கள்.