தனிச்சீரிசை இயக்கம்: எங்கிருந்து அளக்கிறோம் என்பதுதான் பாதிக் கணக்கு

எழுத்துக்குறிகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதால் வாய்பாடுகளைச் சொற்களிலேயே எழுதுகிறேன். புவியீர்ப்பு முடுக்கத்தை எல்லாக் கணக்கிலும் 9.8 மீ/நொடி² என்றே எடுக்கிறேன். ‘2பை’ என்று வந்தால் 6.28 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி): சார், ஊஞ்சல், தரையில் குதிக்கும் பந்து, சூரியனைச் சுற்றும் பூமி மூன்றுமே திரும்பத் திரும்ப நடக்கின்றன. இதில் எது தனிச்சீரிசை இயக்கம் என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: திரும்பத் திரும்ப நடந்தால் அது சீரலைவு இயக்கம், அவ்வளவுதான். தனிச்சீரிசை என்று சொல்ல விசையைப் பார்க்க வேண்டும். முதலில் நிகர விசை பூச்சியமாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் சமநிலைப் புள்ளி. அங்கிருந்து பொருளைக் கொஞ்சம் நகர்த்தியதாக வைத்துக்கொண்டு, அந்த நிலையில் அதன்மேல் செயல்படும் நிகர விசையை எழுதுங்கள். நகர்த்திய தூரத்துக்கு நேர்விகிதத்தில், ஆனால் எதிர்த்திசையில் விசை வந்தால் அது தனிச்சீரிசை இயக்கம்.

பந்து காற்றில் இருக்கும்போது எந்த உயரத்திலும் விசை அதே எடைதான், தூரத்தோடு மாறுவதில்லை. ஆகவே இல்லை. பூமிக்கு அதன் பாதையில் சமநிலைப் புள்ளியே கிடையாது. ஊஞ்சலில் மீள்விசை கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. சிறு கோணத்தில் சைனும் (ரேடியனில் அளந்த) கோணமும் ஏறக்குறைய சமம் என்பதால், சிறிதாக ஆடும்போது மட்டும் ஆம்.

இன்னொன்று: முடுக்கத்தை இடப்பெயர்ச்சியால் வகுத்துக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் கிடைப்பது கோண அதிர்வெண்ணின் (2பை-யை அலைவு நேரத்தால் வகுத்தால் வருவது) இருமடி. ‘முடுக்கம் = −25 × இடப்பெயர்ச்சி’ என்று கொடுத்திருந்தால் கோண அதிர்வெண் 5 ரேடியன்/நொடி, அலைவு நேரம் 6.28 ÷ 5 = 1.26 நொடி. 25-ஐயே கோண அதிர்வெண்ணாக எடுத்து 0.25 நொடி என்று எழுதிவிட்டு வருபவர்கள் நிறைய.

கேள்வி (நீட் தேர்வுக்குப் படிப்பவர்): சுருள்வில்லில் 200 கிராம் தொங்கவிட்டால் 5 செ.மீ நீள்கிறது. மேலும் 3 செ.மீ கீழே இழுத்து விடுகிறோம். வீச்சு 8 செ.மீ-யா, 3 செ.மீ-யா? எடையையும் மீள்விசையோடு சேர்க்க வேண்டாமா?

பதில்: 3 செ.மீ. வீச்சு என்பது சமநிலைப் புள்ளியிலிருந்து ஒரு முனை வரை உள்ள தூரம். எடை தன் வேலையை அந்த 5 செ.மீ நீட்சியிலேயே முடித்துவிட்டது. அங்கே சுருள்வில்லின் இழுவையும் எடையும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன. அந்தப் புதிய சமநிலையிலிருந்து அளக்கும்வரை எடையை மறந்துவிடலாம். சுருள்வில்லின் பழைய நீளத்திலிருந்து அளக்கத் தொடங்கினால்தான் எடை திரும்பவும் சமன்பாட்டுக்குள் வந்து குழப்பும்.

சுருள்வில் மாறிலி = 0.2 × 9.8 ÷ 0.05 = 39.2 நியூட்டன்/மீட்டர். இதை 0.2 கிலோவால் வகுத்தால் 196, வர்க்கமூலம் 14. அலைவு நேரம் 6.28 ÷ 14 = 0.45 நொடி. பெரும வேகம் வீச்சு × கோண அதிர்வெண் = 0.03 × 14 = 0.42 மீ/நொடி, சமநிலைப் புள்ளியில். பெரும முடுக்கம் 0.03 × 196 = 5.88, இரு முனைகளிலும்.

கவனித்தீர்களா, 196 என்பது வெறும் 9.8 ÷ 0.05. நிறை அடிபட்டுப் போகிறது. தொங்கவிட்டபோது எவ்வளவு நீண்டது என்று தெரிந்தால் போதும், அலைவு நேரம் கைக்கு வந்துவிடும்.

இதே கணக்கை ‘சுருள்வில் நீளாத நிலையில் எடையைக் கையில் பிடித்திருந்து சட்டென்று விட்டால்’ என்று மாற்றிக் கேட்பார்கள். அப்போது வீச்சு 5 செ.மீ, பெரும நீட்சி 10 செ.மீ. மெதுவாக இறக்கிவிட்டால்தான் 5 செ.மீ-யில் நிற்கும். சுருள்வில்லுக்குப் பதில் ரப்பர் நாடா என்றால் இன்னொரு எச்சரிக்கை: வீச்சு 5 செ.மீ-யைத் தாண்டினால் மேலே போகும்போது நாடா தொய்ந்துவிடும், அந்தப் பகுதியில் தனிச்சீரிசை இல்லை.

கேள்வி: வீச்சு 4 செ.மீ, அலைவு நேரம் 6 நொடி. சமநிலையிலிருந்து 2 செ.மீ போக எவ்வளவு நேரம்? நான் 0.75 நொடி என்று போட்டேன், தவறு என்கிறார்கள்.

பதில்: முனைவரை போக 1.5 நொடி, பாதித் தூரத்துக்கு அதில் பாதி என்று போட்டிருக்கிறீர்கள். வேகம் ஒரே சீராக இருந்தால்தான் அது சரி. நடுவில் பொருள் விரைகிறது, முனையை நெருங்க நெருங்கத் தயங்குகிறது.

4 செ.மீ ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதில் ஒரு புள்ளி 6 நொடிக்கு ஒரு சுற்று சீராக ஓடுவதாக வையுங்கள். விட்டத்தின் மீது விழும் அதன் நிழல்தான் நம் பொருள். நிழல் 2 செ.மீ நகர, சைன் மதிப்பு 2/4 ஆக வேண்டும். அதாவது 30 டிகிரி. முழுச் சுற்று 360 என்பதால் 6 நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு: 0.5 நொடி. மீதி 2 செ.மீ-க்கு 60 டிகிரி, 1 நொடி. முதல் பாதிக்கு ஆகும் நேரத்தைப்போல் இருமடங்கு.

தொடக்கக் கட்டம், அதாவது தொடங்கும் கணத்தில் அந்த வட்டப் புள்ளியின் கோணம், கேட்டால் ஒரு பொறி இருக்கிறது. ‘தொடக்கத்தில் +2 செ.மீ-யில், சமநிலையை நோக்கி வருகிறது’ என்றால் சைன் 1/2 தரும் கோணங்கள் இரண்டு: 30, 150. கால்குலேட்டர் 30-ஐ மட்டும்தான் காட்டும். 30 டிகிரியில் கோசைன் நேர்க்குறி, பொருள் வெளிநோக்கிப் போகிறது. நமக்கு வேண்டியது உள்நோக்கி, ஆகவே 150. கேள்வியில் திசை சொல்லியிருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை.

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா, டிகிரியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் வைத்து 30-க்குச் சைன் அழுத்தினால் 0.5 வராது, −0.988 வரும்.

கேள்வி (செய்முறைத் தேர்வு எழுதப்போகிறவர்): தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 10.8, 10.9 என்றே வருகிறது. எங்கே பிசகுகிறது?

பதில்: அலைவை எண்ணுவதில். குண்டு கடக்கும்போது கடிகாரத்தை அழுத்தி ‘ஒன்று’ என்று தொடங்குகிறீர்கள் போலிருக்கிறது. தொடங்கும் கணம் ‘பூச்சியம்’. ‘ஒன்று’ என்று தொடங்கி 20-ல் நிறுத்தினால் நடந்தது 19 அலைவு. விடை (20/19)-இன் இருமடி அளவு பெருகும்: 9.8 × 1.108 = 10.86. உங்கள் எண் அச்சாக அதுவே.

மற்ற பிழைகளையும் அளந்து பார்த்துவிடுவோம். கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி முன்பின் ஆவது இயல்பு. 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரம் 2.007 நொடி, ஒரே அலைவை அளந்தால் 10 சதவீதப் பிழை, விடையில் அது 20 ஆகும், ஏனென்றால் நேரம் இருமடியாக வருகிறது. 20 அலைவு அளந்தால் நேரத்தில் 0.5, விடையில் 1 சதவீதம். கடிகாரத்தை முனையில் அழுத்தாமல் சமநிலைப் புள்ளியைக் கடக்கும்போது அழுத்துங்கள். முனையில் குண்டு தயங்கி நிற்பதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில் வேகம் அதிகம், கடப்பது பளிச்சென்று தெரியும். தாங்கியின் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

வீச்சுக் கோணத்தைப் பற்றி ஆசிரியர்கள் அதிகம் பயமுறுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். 5 டிகிரியில் அலைவு நேரம் கூடுவது 0.05 சதவீதம், 10-இல் 0.19. பள்ளிச் சோதனையில் அது தெரியவே தெரியாது. 30 டிகிரிக்குப் போனால் 1.7 சதவீதம், அங்கேதான் வேண்டாம். அதைவிடக் கெடுதல், குண்டைத் தள்ளிவிடுவது. தள்ளினால் நீள்வட்டமாகச் சுற்றும். இழுத்துப் பிடித்து வெறுமனே விடுங்கள்.

நீளம் என்பது நூல் தொங்கும் முனையிலிருந்து குண்டின் மையம் வரை. 2 செ.மீ விட்டமுள்ள குண்டில் ஆரத்தைச் சேர்க்க மறந்தால் 1 செ.மீ குறையும்: 1 மீட்டர் ஊசலில் 1 சதவீதம், அரை மீட்டரில் 2. அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் ‘நீளம் ÷ நேரத்தின் இருமடி’ கண்டு சராசரி எடுத்தால் இந்தப் பிழை விடைக்குள் ஏறிவிடும். நேரத்தின் இருமடிக்கு எதிரே நீளத்தைக் குறித்து வரைபடம் போட்டால் ஏறாது. நீளம் எல்லாவற்றிலும் ஒரே 1 செ.மீ குறைவதால் கோடு ஆதிப்புள்ளியை விட்டு நகரும், சாய்வு அப்படியே இருக்கும். ஆகவே கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளி வழியே இழுக்காதீர்கள். அது விலகிப் போவதே, நீளத்தில் எவ்வளவு விட்டுவிட்டீர்கள் என்று சொல்லும்.

கேள்வி: ஊசலை லிஃப்டில் வைத்தால் அலைவு நேரம் மாறும் என்கிறார்கள். சுருள்வில்லுக்கும் அப்படியா?

பதில்: லிஃப்ட் சீரான வேகத்தில் போனால் இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. 2 மீ/நொடி² முடுக்கத்தோடு மேலே கிளம்பினால் ஊசலுக்கு 9.8-க்குப் பதில் 11.8; அலைவு நேரம் 0.91 மடங்காகும். லிஃப்டின் கயிறு அறுந்து அது விழுந்தால் ஊசல் ஆடவே ஆடாது. சுருள்வில்லில் சமநிலைப் புள்ளி இடம் மாறும், அலைவு நேரம் மாறாது. நிறையும் மாறிலியும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. எடையற்ற நிலையிலும் அது வேலை செய்யும் என்பதால்தான் 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் வீரர்களைச் சுருள்வில் நாற்காலியில் ஆடவிட்டு, அலைவு நேரத்திலிருந்து உடல் நிறையைக் கணக்கிட்டார்கள்.

கேள்வி: ஒரு சுருள்வில்லை மூன்று சமத் துண்டாக வெட்டி, மூன்றையும் பக்கஇணைப்பில் அதே எடைக்கு மாட்டினால்?

பதில்: அலைவு நேரம் மூன்றில் ஒன்று. துண்டு சிறுத்தால் விறைப்பு கூடும்: ஒவ்வொன்றின் மாறிலியும் 3 மடங்கு. மூன்று சேர்ந்தால் 9 மடங்கு. வர்க்கமூலம் 3.

பொருளுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரு சுவர்களுக்கிடையே சுருள்வில் மாட்டிய படம் வந்தால், பார்வைக்குத் தொடரிணைப்பு மாதிரி இருக்கும். ஏமாறாதீர்கள். பொருளை வலப்பக்கம் நகர்த்துங்கள்: ஒன்று இழுக்கிறது, மற்றது தள்ளுகிறது, இரண்டும் ஒரே திசையில். மாறிலிகளைக் கூட்ட வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம், உயர்தர மாணவர்): சேர், நாங்கள் எளிமை இசை இயக்கம் எண்டுதான் படிக்கிறம். தண்ணியில நிமிர்ந்து மிதக்கிற சோதனைக்குழாயை அமத்தி விட்டால் அலைவு காலம் எப்பிடிக் காணுறது? குழாயின்ர திணிவு தெரியாது.

பதில்: பெயர்தான் வேறு, இயக்கம் ஒன்றே. (இங்கே அதிர்வெண் என்று நான் எழுதுவதை மீடிறன் என்றும், ஒத்ததிர்வைப் பரிவு என்றும் படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் திணிவு என்பதைத்தான் மேலே நிறை என்று எழுதினேன்.) திணிவு தேவையில்லை, எவ்வளவு ஆழம் மூழ்கி மிதக்கிறது என்று தெரிந்தால் போதும்.

10 செ.மீ மூழ்கி மிதக்கும்போது மேலுதைப்பு (நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை) முழு எடைக்குச் சமம். இன்னும் 1 செ.மீ அமத்தினால் மேலுதைப்பு எடையில் பத்தில் ஒரு பங்கு கூடும். அந்த மிகுதியே மீள்விசை. முடுக்கம் = 9.8 × (அமத்திய தூரம் ÷ மூழ்கிய ஆழம்). கோண அதிர்வெண்ணின் இருமடி 9.8 ÷ 0.1 = 98; அலைவு காலம் 0.63 நொடி. சுருள்வில் கணக்கில் வந்த 9.8 ÷ 0.05-ஐ நினைத்துப் பாருங்கள், அதே வடிவம்.

நீருக்குப் பதில் மண்ணெண்ணெய், அடர்த்தி நீரைப்போல் 0.8 மடங்கு என்றால், 12.5 செ.மீ மூழ்கும்; 0.71 நொடி. குழாயின் அடி உருண்டையாக இருப்பதால் அளவுகோலில் தெரியும் ஆழத்தை அப்படியே போடக்கூடாது. இடம்பெயர்த்த நீரின் கனவளவைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்து வருவதே சரியான ஆழம். ஆய்வுகூடத்தில் அளந்தால் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். குழாயோடு சேர்ந்து கொஞ்சம் நீரும் ஆடுகிறது, அதன் திணிவை நாம் சேர்க்கவில்லை.

கேள்வி: வீச்சு இருமடங்கானால் எதெது மாறும்?

பதில்: மொத்த ஆற்றல் 4 மடங்கு, பெரும வேகமும் பெரும முடுக்கமும் 2 மடங்கு, அலைவு நேரம் மாறாது. பாதி வீச்சில் நிலை ஆற்றல் கால் பங்கு, இயக்க ஆற்றல் முக்கால் பங்கு. இரண்டும் சமமாவது வீச்சின் 0.707 பங்கில், பாதியில் இல்லை.

கேள்வி: காற்றுத்தடையால் வீச்சு 10 அலைவில் 10 செ.மீ-யிலிருந்து 8 ஆகிறது. 20 அலைவில் 6 தானே? அலைவு நேரமும் குறையுமா?

பதில்: 6.4. வேகத்துக்கு விகிதமான தடையில் வீச்சு கழித்துக்கொண்டே போகாது, பெருக்கிக்கொண்டே குறையும்: 0.8 × 0.8. ஆற்றல் வீச்சின் இருமடி என்பதால் முதல் 10 அலைவிலேயே 64 சதவீதத்துக்கு வந்திருக்கும். அலைவு நேரம் குறையாது. மிகமிகச் சிறிய அளவு கூடும், கணக்கில் விட்டுவிடலாம்.

கேள்வி (பொறியியல் முதலாண்டு): ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாக டக்கோமா பாலத்தை எழுதலாமா?

பதில்: 1940 நவம்பர் 7-இல் அமெரிக்காவின் டக்கோமா குறுகுநீர்ப் பாலம் முறுக்கி ஆடி விழுந்த படம் எல்லா வகுப்பிலும் ஓடுகிறது, ஒத்ததிர்வு என்ற தலைப்பில். எழுதாமல் இருப்பது நல்லது. ஒத்ததிர்வு என்றால் வெளிவிசைக்கென்று ஓர் அதிர்வெண் இருந்து, அது பொருளின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அன்று வீசியது ஏறக்குறைய சீரான காற்று. பாலம் முறுக, அந்த முறுக்கமே காற்று பாயும் விதத்தை மாற்ற, மாறிய காற்று மேலும் முறுக்கியது. அசைவே தனக்கு வேண்டிய ஆற்றலைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டது.

நேர்மையான எடுத்துக்காட்டு வீட்டிலேயே இருக்கிறது. வாஷிங் மெஷின் துணி பிழியும்போது முழு வேகத்தில் ஓரளவு அமைதியாகவே ஓடும். வேகம் குறைந்து நிற்கப்போகும் வழியில் ஒரு சில நொடி மட்டும் தடதடவென்று உதறும். டிரம்மைத் தாங்கும் சுருள்வில்களின் இயல்பு அதிர்வெண்ணைச் சுழற்சி வேகம் கடக்கும் கணம் அது. துணி ஒருபக்கமாகக் குவிந்திருந்தால் உதறலின் வீச்சு கூடும், உதறும் வேகம் ஏறக்குறைய அதேதான்.