அடிப்பிடித்ததைத் தேய்த்துக் கழுவாதீர்கள்!
சமையலறை கேள்வி – பதில்

ஓ.டி.ஜி. (மேஜை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) வாங்கிய வீடுகளில் முழுக்கோழி ரோஸ்ட் பழகிவிட்டது. ஆனால் தட்டில் வைத்தபின் ‘ஊற்றிக்கொள்ள ஒன்றுமில்லையே’ என்ற குறை மட்டும் தீரவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே என்பதால், இந்த முறை சாஸுக்கு மட்டுமே பதில்.

கோழியை எடுத்த பிறகு ட்ரேயில் எண்ணெயும் பழுப்புத் திட்டுகளும் கிடக்கின்றன. இதிலிருந்தே சாஸ் செய்யலாம் என்கிறார்கள். அளவோடு சொல்லுங்களேன்.
– வாசகி, கோவை

மேலே மிதக்கும் எண்ணெய் கோழியின் கொழுப்பு. ருசி அதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அடியில் ஒட்டிய பழுப்பில் இருக்கிறது. ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் அதை ‘ஃபாண்ட்’ என்பார்கள், பிரெஞ்சில் ‘அடி’ என்று அர்த்தம். நாமும் ‘அடிப்பிடித்தது’ என்றுதான் சொல்கிறோம், என்ன, திட்டிக்கொண்டே சொல்கிறோம்.

1.2 கிலோ கோழி, நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். கோழியைக் குழிவான தட்டுக்கு மாற்றி 15 நிமிடம் அப்படியே விடுங்கள். ட்ரேயில் உள்ள கொழுப்பை ஒரு டம்ளரில் வடித்துக்கொள்ளுங்கள். ஓ.டி.ஜி.யோடு வரும் மெல்லிய ட்ரேயை அடுப்பில் ஏற்றினால் நெளிந்துவிடும். அதனால் அதில் அரை கப் கொதிக்கும் நீர் ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, மரக்கரண்டியால் சுரண்டுங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாஸ்.

சின்ன எவர்சில்வர் பேனில் வடித்த கொழுப்பு 1 டேபிள்ஸ்பூன் விட்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்தாறை மிதமான தீயில் இரண்டு நிமிடம் வதக்குங்கள். கண்ணாடி போல ஆனால் போதும், சிவக்க வேண்டாம். கால் கப் ஒயின் ஊற்றி (இல்லாதவர்களுக்குப் பிறகு சொல்கிறேன்) ஏறக்குறைய வற்றவிடுங்கள். அடுத்து அந்தப் பழுப்பு நீரும், உப்பில்லாத சிக்கன் ஸ்டாக் (கோழி எலும்பை வேகவைத்து வடித்த நீர்) 1 கப்பும். தீயைக் கூட்டி, மொத்தம் பாதியாகும்வரை கொதிக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிடக் குமிழியைப் பாருங்கள். முதலில் பொடிப்பொடியாக அவசரமாக வரும். பதம் நெருங்கும்போது பெரிதாகி, சோம்பலாக வெடிக்கும். கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் பேனின் அடி ஒரு நொடி தெரிந்து மூடிக்கொள்ளும்.

இதற்குள் கோழித் தட்டில் இரண்டு மூன்று ஸ்பூன் சாறு இறங்கியிருக்கும். அதையும் ஊற்றி ஒரு கொதி விட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த வெண்ணெய் 25 கிராமை நான்கு துண்டாக்கி, ஒன்று கரைந்தபின் அடுத்தது என்று போட்டு, பேனைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். சாஸின் தெளிவு மங்கி, மேலே பளபளக்கும். எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. உப்பு கடைசியில், ருசி பார்த்துவிட்டு. ஆளுக்கு இரண்டு மூன்று ஸ்பூன்தான் தேறும். குழம்பு மாதிரி தட்டு நிறைய ஊற்றுவதற்கில்லை.

இதே முறையில்தான் செய்தேன். சாஸ் கசக்கிறது. சர்க்கரை போட்டும் போகவில்லை.
– வாசகி, மதுரை

கோழியை எதில் ஊறவைத்தீர்கள் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்: தயிர், மிளகாய்த்தூள், மல்லித்தூள். கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. இறைச்சிச் சாறு பழுப்பாகும் முன்னாலேயே சொட்டிய மசாலா கருகிவிடும். தயிர் வேறு திரிந்து, சாஸில் மணல் மணலாக நிற்கும். தந்தூரிக் கோழிக்குப் புதினா சட்னி போதும். இந்தச் சாஸ் வேண்டுமென்றால் கோழிக்கு உப்பும் மிளகும் மட்டும் தடவுங்கள். 1.2 கிலோவுக்கு 2 டீஸ்பூன் உப்பை முதல் நாளே தடவி ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது.

மசாலா இல்லாமலும் கருகலாம். ட்ரே பெரிதாக இருந்தால் சாறு மெல்லப் பரவி, சீக்கிரம் காய்ந்து, காந்திவிடும். கோழியைவிடக் கொஞ்சமே பெரிய ட்ரே எடுங்கள். அடியில் வெங்காய வில்லைகளைப் பரப்புங்கள். 200 டிகிரியில் ஒரு மணி நேரம் என்றால், அரை மணியில் ஒருமுறை திறந்து பார்த்து, அடி காய்ந்திருந்தால் அரை கப் வெந்நீர் ஊற்றுங்கள்.

காபிக்கொட்டை நிறம் வரை பரவாயில்லை, கரி நிறம் ஆகாது. சந்தேகமென்றால் ஒரு துளி வெந்நீரில் சுரண்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். பால் காந்தினால் ஏலக்காயால் மறைக்க முடிகிறதா? அதே கதைதான். கசந்தால் அந்த அடியைக் கழுவிவிட்டு, வெங்காயமும் ஸ்டாக்கும் வைத்தே செய்யுங்கள். ருசி குறையும், ஆனால் கசக்காது.

மட்டன் சாப்ஸை நான்-ஸ்டிக்கில் வறுத்தால் அடியில் எதுவும் ஒட்டுவதில்லை, தண்ணீர்தான் விடுகிறது.
– வாசகர், ஈரோடு

ஒட்டாமலிருக்கத்தானே அதற்குப் பூச்சு! எவர்சில்வர் அல்லது வார்ப்பிரும்பு எடுங்கள். பூச்சில்லாத இண்டாலியத்தில் அடிப்பிடிக்கும்தான். ஆனால் அது அலுமினியக் கலவை. ஒயினோ வினிகரோ பட்டால் உலோக வாடை ஏறிவிடும். பழகிய வார்ப்பிரும்பு ஐந்து நிமிடப் புளிப்பைத் தாங்கும். நிறம் மட்டும் சற்றுக் கறுக்கும்.

தண்ணீர் விடுவதற்குக் காரணம் வேறு. நம் வீடுகளில் கறியை நாலு தண்ணீரில் அலசாமல் விடுவதில்லை. ஈரம் இருக்கும்வரை கறியின் மேல்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பாக அதற்கு மேலே, சுமார் 140 டிகிரி வேண்டும். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் இந்த வேலையை லூயி கமீல் மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-ல் விளக்கினார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உங்களுக்கு வேண்டியது ஒரு சுத்தமான துணி: கறியை ஒற்றி ஒற்றித் துடையுங்கள். பேனில் துண்டுக்குத் துண்டு விரலளவு இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் வேகுமே தவிர வறுபடாது. ஒரு பக்கம் தானாக விட்டுக்கொடுக்கும்வரை புரட்டாதீர்கள்.

எவர்சில்வர் பேனை அப்படியே ஓவனுக்குள் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெளியே எடுத்ததும் கைப்பிடியில் துணியைச் சுற்றிவிடுங்கள். சாஸ் மும்முரத்தில் வெறுங்கையால் பிடிப்பது எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும்.

வெண்ணெய் போட்டதும் எண்ணெய் தனியாக மிதக்கிறது. நெய் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம்.
– வாசகி, திருநெல்வேலி

வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல், மீதியில் பெரும்பங்கு நீர், கொஞ்சம் பால் புரதம். மூன்றும் ஏற்கெனவே கலந்தே இருப்பதால்தான் சாஸோடு இழைகிறது. நெய்யில் நீரும் புரதமும் போய்விட்டன. பிடித்துவைக்க ஆளில்லாமல் மிதக்கிறது. வெண்ணெயே பிரிந்தால் அடுப்பை அணைக்காமல் போட்டிருப்பீர்கள், அல்லது சாஸ் அளவுக்கு மீறி வற்றியிருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும். வீட்டில் கடைந்த வெண்ணெய் புதிதாக, புளிக்காமல் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

ஹோட்டல் சாஸ் உதட்டில் ஒட்டுகிறது. என்னுடையது தண்ணீர். கார்ன்ஃப்ளார் போடலாமா?
– வாசகர், சென்னை

போடலாம்: 1 கப்புக்கு 1 டீஸ்பூன், குளிர்ந்த நீரில் கரைத்து, ஒரே ஒரு நிமிடக் கொதி. கெட்டியாகும், ஆனால் ஒட்டாது. அந்த ஒட்டல் ஆட்டுக்கால் சூப் குடித்தால் வருமே, அதேதான். தோலிலும் மூட்டிலும் இருந்து இறங்கும் ஜெலட்டின். கடையில் வாங்கும் ஸ்டாக்கில் பெரும்பாலும் அது இருக்காது.

கறிக்கடையில் கோழிக் கழுத்து, இறக்கை, பாதம் எல்லாம் சேர்த்து அரை கிலோ கேளுங்கள். பாதம் முக்கியம், ஆறேழாவது இருக்கட்டும். ஒன்றேகால் லிட்டர் நீர், ஒரு வெங்காயம், உப்பு கூடாது. குக்கரில் முதல் விசில் வந்தபின் சிறுதீயில் 40 நிமிடம். வடிகட்டி, 2 கப்பாக வற்றவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் அல்வா போல ஆடும். ஐஸ் ட்ரேயில் உறையவைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நாலைந்து கட்டி எடுத்துப் போடலாம். அவசரத்துக்கு, 1 டீஸ்பூன் ஜெலட்டின் தூளை 2 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, 1 கப் ஸ்டாக்கில் சேருங்கள். அகர்-அகர் (கடல்பாசி) இதற்கு உதவாது. ஆறியதும் இறுகுமே ஒழிய, ஒட்டாது.

மைதா போட்டுச் செய்வது ஆங்கிலேயரின் கிரேவி: 1 டேபிள்ஸ்பூன் கொழுப்பு, அதே அளவு மைதா, இரண்டு நிமிடம் வறுத்து 1 கப் ஸ்டாக். மசித்த உருளைக்கிழங்குக்கு அதுதான் பொருத்தம். இதைவிடத் தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

வீட்டில் ஒயின் புழங்குவதில்லை. மாற்று உண்டா?
– வாசகி, ஆம்பூர்

உண்டு. அங்கே ஒயினின் வேலை புளிப்பு தருவது. கால் கப் தண்ணீரில் 2 டீஸ்பூன் வினிகர் போதும். கருப்புத் திராட்சையைக் கையால் பிசைந்து வடிகட்டிய சாறு கால் கப், வினிகர் 1 டீஸ்பூன் என்றால் இன்னும் நன்றாக இருக்கும். மிக்ஸியில் அடிக்காதீர்கள், கொட்டை உடைந்து துவர்க்கும். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் ஒயின் மிச்சமிருப்பவர்களும் வினிகர் சேர்த்தே ஊற்றுங்கள். வற்றும்போது அந்த இனிப்பு ஜாம் போலாகிவிடும்.

உப்புக் கரிக்கிறது.
– வாசகர், வேலூர்

ஸ்டாக் க்யூப் (வெந்நீரில் கரைக்கும் ஸ்டாக் கட்டி) போட்டிருப்பீர்கள். அதில் உப்பு ஏற்கெனவே சரியாக இருக்கும். நீர் பாதியாக வற்றினால் உப்பு இரட்டிப்பாகும். போதாததற்கு, கடைகளில் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு உண்டு. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுக்கும் என்பது வெறும் பேச்சு, அது உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். உப்பில்லாத ஸ்டாக் விட்டு நீர்க்கச் செய்வது ஒன்றே வழி.

மிஞ்சிய சாஸை மறுநாள் சூடாக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

வெண்ணெய் சேர்த்தது ஃப்ரிட்ஜில் இறுகி, சூடாக்கும்போது பிரியும். ஒரு ஸ்பூன் நீர் விட்டு, சிறுதீயில் அடித்துக்கொண்டே சூடாக்கினால் ஓரளவு சேரும். மிஞ்சும் என்று தெரிந்தால் வெண்ணெய்க்கு முன்பே பாதியை எடுத்துவைத்துவிடுங்கள். பேனில் ஒட்டியிருப்பதற்கு மட்டும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். சுக்கா வறுத்த சட்டியில் சோற்றைப் பிரட்டி அடித்துக்கொண்டு சாப்பிடுவோமே, அதை இதிலும் சுடச்சுடச் செய்யலாம்.