திருகோணமலையில் இருக்கிறேன், பட்டியலில் எந்த நேர வலயத்தைத் தெரிவு செய்வது?

கொழும்பைத் தெரிவு செய்யுங்கள். கைத்தொலைபேசியிலும் பெரும்பாலான இணையப் படிவங்களிலும் 'ஆசியா/கொழும்பு' என்று இருக்கும். விண்டோஸ் கணினியில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற பெயரில் +5:30 என்று வரும், அதாவது லண்டனில் உள்ள கிரீன்விச்சின் நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. இரண்டும் ஒன்றுதான்.

ரொறன்ரோவில் உள்ள நிறுவனம் ஒன்று பெப்ரவரியில் உங்களை இணையவழி நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது, படிவத்தில் நேர வலயம் கேட்கிறார்கள், பட்டியலில் திருகோணமலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி' என்பதற்கும் +5:30தான் போட்டிருக்கிறது, அதைக் கொடுத்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு நேர்முகத் தேர்வுக்கு மட்டும் என்றால் எதைக் கொடுத்தாலும் மணி மாறாது. ஆனாலும் கொழும்பையே கொடுங்கள் என்று வற்புறுத்துவேன். அதற்கான காரணம் எங்கள் மாவட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

முதலில் சூரியன் கணக்கு. பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுகிறது. மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். திருமலை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருகோணமலை கிழக்கு நெடுங்கோடு 81.23 பாகையில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் கிரீன்விச்சை விட ஏறத்தாழ 5 மணி 25 நிமிடம் முன்னே. கொழும்பு 79.85 பாகை, அதாவது 5 மணி 19 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆக, உச்சிப்பொழுது கொழும்புக்கு வருவதற்கு ஐந்தரை நிமிடம் முன்னதாகவே எங்களுக்கு வந்துவிடுகிறது. சென்னையையும் நாங்கள் நாலு நிமிடம் முந்துகிறோம்.

ஒவ்வொரு ஊரும் தன் உச்சிப்பொழுதை வைத்தே மணி சொன்ன காலம் ஒன்று இருந்தது. ரயிலும் தந்தியும் வந்த பிறகு அது சரிவரவில்லை. 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சைப் பூச்சியக் கோடாக ஏற்றது. இலங்கை 1906ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் +5:30க்கு வந்தது. அரை மணி ஏன் என்று பலர் கேட்பார்கள். முழு மணிக்கான கோடுகள் 75 பாகையிலும் 90 பாகையிலும் போகின்றன, நாங்கள் நடுவில் கிடக்கிறோம். அந்த நடுக்கோடு 82.5 பாகை. இந்தியாவில் அது மிர்சாபூர்ப் பக்கம் போகிறது. இலங்கையில் அது தரையைத் தொடுவதே இல்லை. திருமலைக் கரையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தள்ளி, வங்காள விரிகுடாவுக்குள் போகிறது. நாட்டின் மணி முழுவதும் எங்கள் கடலில் உள்ள ஒரு கோட்டை வைத்துத்தான் ஓடுகிறது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த விஷயம்.

ஆனால் சூரியன் கணக்கு அதுவரைக்கும்தான். அதற்கு மேல் நேர வலயம் என்பது அரசின் முடிவு. சீனாவின் மேற்கு எல்லையில் உள்ள காஷ்கரைப் பாருங்கள். அது 76 பாகையில், எங்களுக்கும் மேற்கே இருக்கிறது. சூரியன் எங்களைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். இருந்தும் சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரமான +8 என்பதால், அங்கே அரச மணிக்கூடு எங்களுடையதை விட இரண்டரை மணித்தியாலம் முன்னே நிற்கும். உச்சிவெயில் அடிக்கும்போது மணி பிற்பகல் மூன்றை நெருங்கும். நேபாளம் +5:45 வைத்திருக்கிறது. மியன்மார் +6:30. ஒவ்வொன்றும் யாரோ கூடிப் பேசி எடுத்த முடிவு.

முடிவு என்றால் மாறவும் செய்யும். எங்கள் நாட்டில் மாறியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் முதலில் அரை மணி, பிறகு இன்னொரு அரை மணி என்று மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள். 1945இல் பழையபடி +5:30. அதைக் கண்டவர்கள் இன்று மிகச் சிலர். ஆனால் 1996ஐ என் வயதுக்காரர் எல்லோரும் கண்டோம். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு கடுமையாக இருந்த வருடம். மாலையில் விளக்குப் போடும் நேரத்தைக் குறைக்க அரசு மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி +6:30 ஆக்கியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைக் குறைத்து +6 ஆக்கினார்கள். அது பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைய நீடித்தது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே +5:30தான் தொடர்ந்தது. வன்னியைப் பற்றி இதைச் சொல்பவர்கள் உண்டு, திருகோணமலை மாவட்டத்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. திருமலை நகரம் புது நேரம், மூதூர் புது நேரம். கட்டைபறிச்சான் தாண்டிச் சம்பூருக்குள் போனால் பழைய நேரம். கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் நின்று பார்த்தால் தெரிகிற ஊருக்கும் எங்களுக்கும் அரை மணித்தியால வித்தியாசம்!

என் அம்மாவின் உறவுகள் அந்தப் பக்கம். ஒரு கலியாணம், ஒரு திவசம் என்றால் முதலில் எழும் கேள்வி 'புது நேரமோ, பழைய நேரமோ?' என்பதுதான். மூதூருக்கு லோஞ்ச் புறப்படுவது புது நேரப்படி, முகூர்த்தம் பழைய நேரப்படி. எந்த நேரம் என்று அழைப்பிதழில் அடைப்புக்குறிக்குள் அச்சடிப்பார்கள். பஞ்சாங்கமோ +5:30 கணக்கில் வந்ததால், நகரத்துக்குள் இருந்தவர்களும் இராகுகாலம் பார்க்க அரை மணி கூட்டவேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். தை, மாசியில் எங்கள் ஊரில் சூரியன் 6:25 அளவில் எழும். புது நேரத்தில் அது 6:55 ஆனது. ஏழரைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, சாப்பாடு கட்டுவது முழுக்க இருட்டில்தான் நடந்தது. 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பியபோது, இருட்டில் எழும்பும் இந்தப் பிள்ளைகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டார்கள்.

திரும்பிய நாள் ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள். நள்ளிரவு தாண்டி 12:30 ஆனதும் மணிக்கூட்டை 12:00க்குத் திருப்பினார்கள். அந்த அரை மணித்தியாலம் இலங்கையில் இரண்டு முறை வந்தது.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். சென்னையும் கொழும்பும் இன்று ஒரே +5:30 என்றாலும் தனித்தனி வரிகளாக இருப்பதற்கு இதுதான் காரணம். கணினிகள் பயன்படுத்தும் நேர வலயப் பட்டியலில் ஒவ்வொரு பெயரின் பின்னாலும் அந்த இடத்தின் மணிக்கூடு எந்தத் திகதியில் எப்படி மாற்றப்பட்டது என்ற முழு வரலாறும் இருக்கிறது. 'ஆசியா/கொழும்பு' என்று கொடுத்தால் 1996இல் நடந்ததும் 2006இல் நடந்ததும் கணினிக்குத் தெரியும். 'கொல்கத்தா' என்று கொடுத்தால் தெரியாது. நாளைக்கே இலங்கை அரசு மறுபடி மணிக்கூட்டைத் தள்ளினாலும், கொழும்பைத் தெரிவு செய்த கருவி புதுப்பிப்பு வந்ததும் தானாக மாறிக்கொள்ளும். மற்றது இந்தியாவோடு நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினி எங்காவது இருந்தால் திறந்து பாருங்கள், புதுப்பிக்கப்படாததில் ஸ்ரீ ஜயவர்தனபுரவுக்கு +6 என்று இருக்கும்.

இது வெறும் கணினிக் கதையும் இல்லை. 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு இப்போது கலியாண வயது, சாதகம் பார்க்கிறார்கள். திருமலை ஆஸ்பத்திரியில் 2003இல் பிறந்த பிள்ளையின் பிறந்த நேரம் புது நேரத்தில் எழுதப்பட்டிருக்கும், அரை மணி கழிக்கவேண்டும். 1996 மே கடைசிக்கும் ஒக்டோபர் கடைசிக்கும் இடையில் பிறந்திருந்தால் கழிக்கவேண்டியது முழு ஒரு மணித்தியாலம். அதே வருடங்களில் சம்பூர்ப் பக்கம் வீட்டில் பிறந்து, வீட்டு மணிக்கூட்டைப் பார்த்து எழுதிவைத்த நேரம் என்றால் கழிக்க எதுவுமே இல்லாமல் இருக்கலாம். ஒரு இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம்தான் நிற்கும் என்பதால் அரை மணிப் பிழை இலக்கினத்தையே மாற்றிவிடக்கூடும். சாதக மென்பொருளில் இந்தியாவைத் தெரிவு செய்துவிட்டு இந்த நேரங்களை அப்படியே கொடுக்கும் வழக்கம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. பெற்றோர் இருக்கும்போதே எந்த நேரம் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். அந்தத் தலைமுறை போனால் சொல்ல ஆள் இல்லை.

'நான் எந்த வலயத்தில் இருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?' என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கைத்தொலைபேசியே போதும். அமைப்புகளில் திகதி, நேரம் என்ற இடத்துக்குப் போய், வலயத்தைத் தானாக எடுக்கும்படி விட்டால் தொலைபேசி வலையமைப்பைக் கேட்டோ இருப்பிடத்தைக் கண்டோ அதுவே போட்டுக்கொள்ளும். மடிக்கணினியில்தான் கவனம் தேவை. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த கணினியென்றால் பழைய ஊரின் வலயத்திலேயே நின்று, மணியை மட்டும் யாராவது கையால் திருப்பியிருப்பார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும், வருகிற அழைப்புகள் எல்லாம் பிழையான நேரத்தில் காட்டும். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவியும் இப்படித்தான். செய்மதியிலிருந்து அதற்குக் கிடைப்பது யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம், +5:30ஐ நாங்கள்தான் கொடுக்கவேண்டும்.

கருவி எதுவுமில்லாமல் பார்க்க ஆசையென்றால் டச்சுக்குடா மணலில் ஒரு தடியை நேராக நட்டு, நிழல் ஆகக் குறுகும் நேரத்தைக் குறியுங்கள். வருடச் சராசரியில் அது 12:05. ஆனால் பெப்ரவரி நடுவில் 12:19க்கும் நவம்பர் தொடக்கத்தில் 11:49க்கும் வரும், ஏனென்றால் பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்னால் செய்தால் 12:06 அளவில் தடியின் நிழல் அடியிலேயே அடங்கிவிடும், சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள்கள் அவை. பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து பிள்ளைகளோடு செய்துபாருங்கள்.

இனி உங்கள் நேர்முகத் தேர்வு. கட்டாருக்கோ சவூதிக்கோ கதைப்பவர்களுக்கு இரண்டரை மணி, டுபாய்க்கும் ஓமானுக்கும் ஒன்றரை மணி, வருடம் முழுக்க அதில் மாற்றமில்லை. ரொறன்ரோ அப்படி இல்லை. அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைப்பார்கள். பெப்ரவரியில் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம், அதனால் அவர்களுடைய காலை 10 மணி உங்களுக்கு அதே நாள் இரவு 8:30. மார்ச் மாற்றத்துக்குப் பிறகு என்றால் 7:30. பெப்ரவரியில் அவர்கள் 'திங்கள் இரவு 8 மணி' என்று சொன்னால் இங்கே செவ்வாய் காலை 6:30 ஆகியிருக்கும்.

கடிதத்தில் 'இஎஸ்டி' என்று போட்டிருந்தால் அதை மட்டும் நம்பவேண்டாம். அது குளிர்கால நேரத்தின் குறி, கோடையிலும் பழக்கத்தில் அதையே எழுதுபவர்கள் நிறையப் பேர். 'ரொறன்ரோ நேரம் காலை 10 மணி, இலங்கை நேரம் இரவு 8:30, திகதி இது' என்று இரண்டு ஊரின் பெயரையும் போட்டு ஒரு மறுமொழி எழுதி, சரிதானா என்று கேளுங்கள். வேலை தருபவர் அதைக் குறையாக நினைக்கமாட்டார்.

வேலை கிடைத்தால் இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவர்களுடைய ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்றால் குளிர்காலத்தில் உங்களுக்கு இரவு 7:30இலிருந்து விடிய 3:30 வரை, கோடையில் 6:30இலிருந்து 2:30 வரை. அவர்களுடைய வெள்ளிக்கிழமை வேலை உங்கள் சனிக்கிழமை விடியற்காலையில்தான் முடியும்.