காலி இடம்

அன்புள்ள அக்கா,
சிவில் முடித்துவிட்டேன். எம்.பிளான் படித்து, நகரத் திட்டமிடல், கடற்கரை மேலாண்மை என்று போக ஆசை. மெரினாவை அதன் இயற்கையான நிலைக்கு மீட்க வேண்டும் என்பது என் கனவு. வீட்டில் ஐடிக்குப் போகச் சொல்கிறார்கள். இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா?
வி., சென்னை

அன்புள்ள தம்பி,

உண்டு. ஐடி சம்பளம் இருக்காது. வீட்டுச் சண்டையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மெரினாவின் இயற்கையான நிலை எது? அந்த அகலமான மணலே துறைமுகம் போட்ட பிச்சை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்ததும், தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அங்கே முட்டி நின்றது. தெற்கே மெரினா அகன்றது, மணல் வராத வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. அங்கே கருங்கல் கொட்டித்தான் கரையைக் காக்க வேண்டியிருக்கிறது. இதுகூடத் தெரியாமலா கனவு?

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறொரு மணலை நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். மேஜையில் விரித்த கடலோர வரைபடத்தில், ஒரு குப்பத்துக்கு முன்னால் வெறும் வெள்ளை. மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்து, செதில் காய்ந்து ஒட்டியிருந்த விரலை அதன்மேல் வைத்தார். "இங்கதான நெத்திலி காயப்போடுறோம், அத எங்க காணோம்?"

"அது காலி இடம்மா" என்றார் அதிகாரி.

காலி இடமாம்! விடிந்தால் படகு ஏறுகிறது, அப்புறம் வலை பிரிக்கிறார்கள், வெயில் ஏறினால் கருவாடு, சாயங்காலம் பையன்களின் கிரிக்கெட். பட்டா இல்லை, அதனால் காலி. மீனவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வகுத்த 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்லியிருந்தது. சட்டத்தில் இருந்தது தாளில் ஏன் இல்லை? வரைந்தவர் வெயில் நேரத்தில் அங்கே போகவில்லை. செயற்கைக்கோள் படத்தில் நெத்திலி தெரியாது. தாளில் ஒருமுறை காலி என்று விழுந்துவிட்டால் போதும், அந்த வெள்ளையில் சாலை போடலாம், பூங்கா போடலாம், கார் நிறுத்தலாம். கேட்கப் போனால், இங்கே எதுவுமே இல்லையே என்பார்கள்.

கத்திவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் மணலைப் பற்றிக் கடிதம் எழுதுகிற பிள்ளையைத் திட்டுவதும் எனக்கு ஒரு சந்தோஷம்தான். எந்தக் கல்லூரி என்பதை அப்புறம் பார்ப்போம். நாளை விடியற்காலையில் பெசன்ட் நகர் பக்கம் இருக்கிற ஊரூர் குப்பத்துக்குப் போங்கள். கேமரா வேண்டாம், பை எடுத்துப்போய் மீன் வாங்குங்கள். சும்மா நிற்கிறவனிடம் அங்கே யாரும் பேச மாட்டார்கள்.